டிஸ்டோபியா: துயருலகா, பிறழுலகா?

லோயிஸ் லௌரி எழுதிய 'தி கிவர்' நாவலைப் படித்து முடித்த கையோடு அக்கா மகள் எனக்குப் போன் செய்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். "மாமா, இது டிஸ்டோபியன் நாவலாம். டிஸ்டோபியான்னா தமிழ்ல துயருலகுன்னு மிஸ் சொன்னாங்க. ஆனா பாதிக் கதை வரைக்கும் யாருமே துயரப்படலையே?"

நியாயமான கேள்வி. இந்த நாவலைப் படித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் இதே இடத்தில்தான் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். பசி இல்லை, சண்டை இல்லை, எல்லாருக்கும் வேலையும் வீடும் உண்டு, இதைப் போய் டிஸ்டோபியா என்கிறீர்களே என்பது ஒரு கட்சி. இதைவிடப் பயங்கரமான ஊரைக் கதையில் பார்த்ததே இல்லை என்பது மறு கட்சி. இரண்டு தரப்பும் படித்தது ஒரே புத்தகத்தைத்தான். சண்டைக்குப் பாதிக் காரணம் அந்தச் சொல். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

டிஸ்டோபியாவுக்கு அக்கா யுடோபியா. 1516இல் தாமஸ் மோர் லத்தீனில் எழுதிய நூலில் வரும் கற்பனைத் தீவின் பெயர் அது. கிரேக்கத்தில் 'ஊ' என்றால் இல்லை, 'டோபோஸ்' என்றால் இடம். ஆக, இல்லாத இடம். ஆனால் 'எயு' என்று தொடங்கினால் நல்ல இடம் என்றாகிவிடும். இந்தச் சிலேடையை நூலின் முகப்புப் பாட்டிலேயே வைத்திருக்கிறார்கள். மோர் நக்கல்காரர். அந்தத் தீவில் ஓடும் ஆற்றுக்கு 'தண்ணீர் இல்லாதது' என்று பொருள்படும் பெயர். தீவைப் பற்றிக் கதை சொல்லும் பயணியின் பெயருக்கோ 'வெட்டிப்பேச்சு வியாபாரி' என்று பொருள். போகாத ஊருக்கு வழி சொல்வது என்று நம்மிடம் ஒரு பேச்சு உண்டே, ஏறக்குறைய அதுதான்.

டிஸ்டோபியா அதற்குப் பல காலம் கழித்து வந்த சொல். 1868 மார்ச் 12ஆம் தேதி, அயர்லாந்தின் நிலைமை பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்தில் தத்துவவாதியும் உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட் மில் அதைப் பயன்படுத்தினார். அரசுத் தரப்பாரை யுடோபியர்கள் என்பதுகூட அவர்களுக்குப் பாராட்டாகிவிடும், டிஸ்டோபியர்கள் அல்லது கக்கோடோபியர்கள் என்பதே பொருத்தம் என்றார். நடைமுறைக்கு ஒத்துவராத அளவுக்கு நல்லதை யுடோபியா என்கிறோம், இவர்கள் விரும்புவது நடைமுறைக்கு ஒத்துவராத அளவுக்குக் கெட்டது என்பது அவர் வாதம். அதாவது அப்போது அது நாவலைக் குறிக்கவில்லை, எதிரணியை மட்டம் தட்டுவதற்கான ஒரு வசவு. கதை வகையின் பெயராக அது நிலைத்தது 20ஆம் நூற்றாண்டில்தான். கக்கோடோபியா என்பது மில்லுக்கு முன்பே இன்னொரு தத்துவவாதியான ஜெரமி பெந்தாம் கையாண்ட சொல். நல்லவேளை, அது நிலைக்கவில்லை. தமிழில் அதை எழுதினால் மூன்று வயதுக் குழந்தைகூடச் சிரிக்கும்.

'டிஸ்' என்ற முன்னொட்டு நமக்குப் பழக்கமானதுதான். டிஸென்ட்ரி, டிஸ்லெக்ஸியா என்று டாக்டர் வாயில் வருவதெல்லாம் இதே டிஸ்தான். கெட்ட, கோளாறான, சிரமமான என்று பொருள். சமஸ்கிருதத்தின் 'துஸ்', 'துர்' இதற்கு உடன்பிறப்பு. துர்நாற்றம், துர்ப்பாக்கியம் என்று நாம் சொல்லும்போது கிரேக்கர்களின் டிஸ்ஸுக்கு ஒன்றுவிட்ட உறவைத்தான் உச்சரிக்கிறோம். மருத்துவத்திலும் டிஸ்டோபியா என்றே ஒரு சொல் உண்டு. உடலின் ஓர் உறுப்பு தனக்குரிய இடத்தில் இல்லாமல் விலகி இருப்பதை அப்படிச் சொல்வார்கள். கண்குழிகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லாத நிலைக்கும் அந்தப் பெயர் உண்டு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

சரி, தமிழுக்கு வருவோம். யுடோபியாவுக்குக் கனவுலகம், இலட்சிய உலகம் என்றெல்லாம் எழுதுகிறோம். மார்க்சிய நூல்களை மொழிபெயர்த்தவர்கள் 'கற்பனாவாத சோஷலிசம்' என்று ஒரு தொடரையே ஊன்றிவிட்டார்கள். டிஸ்டோபியாவுக்குத்தான் இன்னும் ஒரு சொல் ஊன்றவில்லை.

நரகம் என்று சொல்லிவிடலாமா என்றால் கூடாது. நரகம் செத்த பிறகு போகிற இடம், அதுவும் செய்த பாவத்துக்கு. டிஸ்டோபியா உயிரோடு இருப்பவர்கள் தங்கள் நல்லதுக்கென்று தாங்களே கட்டிக்கொள்வது. துர்லோகம் என்பது வேர்ப்பொருளுக்கு ரொம்ப நெருக்கம், ஆனால் காதில் விழுந்ததும் மந்திரவாதி படம் ஞாபகம் வருகிறது. தீயுலகு என்றால் பாதிப் பேர் நெருப்பு என்று படிப்பார்கள்.

கொடுங்கோலுலகு என்பது யோசிக்க வேண்டிய சொல். கொடுங்கோன்மைக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. அதில் 555ஆம் குறள், அல்லற்பட்டு ஆற்றாது அழுத கண்ணீர்தான் அரசனின் செல்வத்தைத் தேய்க்கும் படை என்கிறது. கொடுங்கோலாட்சி என்றால் கீழே யாராவது அழ வேண்டும். லௌரியின் ஊரில் அழுவதற்கு ஆள் இல்லை. அந்தப் படையை முன்கூட்டியே கலைத்துவிட்டார்கள். துயருலகு என்ற சொல்லும் இதே பள்ளத்தில்தான் விழுகிறது.

இங்கே கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1993இல் வெளிவந்தது; அடுத்த ஆண்டே சிறுவர் இலக்கியத்துக்கான அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் பெற்றது. ஜோனஸ் என்ற பையன். அவன் ஊரில் 12 வயதானதும் ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் வேலையை மூத்தோர் சபை ஒதுக்கிவிடும். கணவன், மனைவி, குழந்தைகள் எல்லாமே ஒதுக்கீடுதான். மலை இல்லை, பனி இல்லை, நிறம்கூட இல்லை. பழைய உலகத்தின் நினைவுகள் அத்தனையையும் ஒரே ஒரு கிழவர் சுமக்கிறார். ஜோனஸுக்கு ஒதுக்கப்பட்ட வேலை அவற்றை அவரிடமிருந்து வாங்கிக்கொள்வது. அவன் முதலில் காணும் நிறம் சிவப்பு, ஓர் ஆப்பிளில் கணநேரம் மின்னி மறைகிறது.

உறுபசியும் ஓவாப்பிணியும் செறுபகையும் சேராது இருப்பதே நாடு என்பது 734ஆம் குறள். ஜோனஸின் ஊர் இந்தப் பரீட்சையில் கிட்டத்தட்ட முழு மார்க் வாங்கிவிடும்! அதனால்தான் முதல் கட்சிக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வள்ளுவரின் அளவுகோலைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள்.

அளவுகோல் வளைகிற இடத்தைக் கம்பனை வைத்துத்தான் எனக்குப் பிடிக்க முடிந்தது. நாட்டுப் படலத்தில் கோசல நாட்டைச் சொல்லும்போது, 'வண்மை இல்லை ஓர் வறுமை இன்மையால், திண்மை இல்லை நேர் செறுநர் இன்மையால், உண்மை இல்லை பொய் உரை இலாமையால்' என்கிறான். வாங்க ஏழை இல்லாததால் கொடை தெரியவில்லை, எதிர்க்கப் பகைவர் இல்லாததால் வீரம் தெரியவில்லை, பொய் பேச ஆள் இல்லாததால் உண்மை தனியாகத் தெரியவில்லை. கம்பனுக்கு இது புகழ்ச்சியின் உச்சி. அதையே அலங்காரத்தைக் கழற்றிவிட்டு நேர்ப்பொருளில் படித்துப் பாருங்கள். கொடை என்றால் என்னவென்றே தெரியாத ஊர், வீரம் என்ற சொல்லுக்கே வேலையில்லாத ஊர். முதுகு லேசாகச் சில்லிடுகிறதா? நாவலில் ஜோனஸ் தன் அப்பா அம்மாவிடம் என் மேல் அன்பு இருக்கிறதா என்று கேட்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். ரொம்பப் பொதுவான சொல்லைப் பயன்படுத்துகிறாய், அதற்குப் பொருளே போய்விட்டது, சொற்களைத் துல்லியமாகப் பேசு என்று திருத்துகிறார்கள். கோபம்கூட இல்லை. அன்பு இல்லை, அவ்வளவுதான்.

சொல்லை வைத்து அந்த ஊர் செய்கிற இன்னொரு வேலையும் உண்டு. 'விடுவித்தல்' என்று எல்லாரும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். வயதானவர்களை விடுவிக்கிறார்கள், அதற்கு முன்னால் விழா எடுக்கிறார்கள். இரட்டைக் குழந்தை பிறந்தால் எடை குறைந்ததை விடுவிக்கிறார்கள். அது ஊசி போட்டுக் கொல்வது என்று ஜோனஸுக்குத் தெரியவரும் பக்கத்தில் வாசகருக்கும் தெரிகிறது. ஊசி போடுகிற கை அவன் அப்பாவுடையது; குழந்தையிடம் கொஞ்சிக்கொண்டே போடுகிறார். செத்தார் என்பதைத் துஞ்சினார் என்று சொல்வதை நம் இலக்கணத்தில் மங்கலம் என்பார்கள். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது போல ஒரு கூட்டத்துக்குள் மட்டும் புரிவது குழூஉக்குறி. மங்கலத்தில் கேட்பவருக்கும் உண்மை தெரியும், வலியைக் குறைக்கத்தான் சொல்லை மாற்றுகிறோம். இந்த ஊரின் 'விடுவித்தல்' மங்கலம்போல வேஷம் போட்ட குழூஉக்குறி. கூட்டத்தில் பெரும்பாலோருக்கே பொருள் தெரியாது என்பதுதான் விசேஷம்.

ஆகவே எனக்குப் பிடித்த சொல் பிறழுலகு. 'பிறழ்ந்த உலகு' என்று சிலர் ஏற்கெனவே எழுதுகிறார்கள், அதைத்தான் சுருக்குகிறேன். நெறி பிறழ்தல், நாப் பிறழ்தல் என்பதில் எல்லாம் சரியான தடம் ஒன்று இருந்து அதிலிருந்து விலகுவது தெரிகிறது. உறுப்பு இடம் மாறியிருப்பது என்ற அந்த மருத்துவப் பொருளோடும் இது ஒத்துப்போகிறது. நீதிமன்றச் செய்திகளில் வரும் பிறழ்சாட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தரப்பு ஆள் என்று நம்பிக் கூண்டில் ஏற்றுகிறோம், ஏறிய பிறகுதான் மாறிப் பேசுகிறார். 'தி கிவர்' நாவலின் ஊரும் முதல் பத்து அத்தியாயம் நம் தரப்பு சாட்சிதான்.

படித்தவர்களின் மற்றச் சண்டைகளுக்கும் ஒரு வார்த்தை. முதுகில் கை வைத்தால் நினைவு எப்படிக் கடத்தப்படும், இது அறிவியல் புனைகதையே அல்ல என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரி. ஊர் அறிவியல் கதையிலும் கிழவர் மாயக் கதையிலும் இருக்கிறார்கள். முடிவில் பனிச்சரிவில் சறுக்கிப் போகும் பையன் பிழைத்தானா என்பது பழைய வழக்கு; பின்னால் வந்த தொடர் நூல்கள் பிழைத்தான் என்று தீர்ப்பெழுதிவிட்டன. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. பன்னிரண்டு வயதுக்கு இதெல்லாம் ஆகுமா என்று அமெரிக்காவில் பெற்றோர் பள்ளிகளில் எதிர்ப்புத் தெரிவித்ததும் நடந்தது. நான் கவனித்தவரை சிறியவர்கள் முடிவைப் பற்றித்தான் பேசுகிறார்கள், பெரியவர்களுக்கு அந்த அப்பாதான் தூக்கத்தைக் கெடுக்கிறார்.

இந்த மாதிரி நாவல்களுக்கு ஆங்கிலத்தில் ஒட்டும் 'யங் அடல்ட்' என்ற பெயருக்குத் தமிழில் இளையோர் என்பதே போதும். விடலை என்று சொல்ல ஆசைதான். சங்கப் பாட்டில் அது வீரனைக் குறித்த பெருமையான சொல். இன்றைக்கு விடலைப் பசங்க என்றால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் என்றாகிவிட்டது. அப்புறம், இந்த வகைக் கதை நமக்குப் புதிது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை, ஜீவாவின் சர்வாதிகாரத்தையும் ஜீனோ என்ற இயந்திர நாயையும், தொடர்கதையாக வாரம் தவறாமல் படித்த தலைமுறை டிஸ்டோபியா என்ற சொல்லைக் கேட்காமலே டிஸ்டோபியாவைப் படித்துவிட்டது.

அக்கா மகளுக்கு இத்தனையையும் போனில் சொன்னேன். பாதியில் கொட்டாவி விட்டாள், ஆனாலும் புத்தக விமர்சனப் பாடத்தில் 'பிறழுலகுப் புதினம்' என்று எழுதியிருக்கிறாள். போன வாரம் நோட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். பிறழுலகில் 'ழு'வைச் சுழித்துவிட்டு மேலே 'பிற உலகு' என்று திருத்தியிருந்தார்கள், சிவப்பு மையில்.