சதகுப்பைக் கீரை: கார்த்திகையில் விதைக்கணும், அடுப்பை அணைக்கும்போது போடணும்

நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பை கேட்டால், சோம்பை நசுக்கித் தட்டையாக்கியது போன்ற பழுப்பு விதையைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அந்த விதை முளைத்து வரும் செடியின் இலைதான் சதகுப்பைக் கீரை. சோயிக்கீரை என்பதும் டில் என்பதும் இதுதான். தாளவாடிப் பக்கம் கன்னடம் பேசும் வீடுகளில் ‘சப்பசிகே சொப்பு’ என்றால் உடனே தெரியும். மலையிறங்கி சத்தியமங்கலம், கோபி, ஈரோடு என்று வர வர விதை மருந்தாக மட்டும் நின்றுவிட்டது, இலை அடுப்படிக்கு வருவதில்லை. மாடியில் மண் நிரப்பிய நான்கு பை வைத்தாலே ஒரு வீட்டுக்குப் போதுமான கீரை இது. அதனால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறோம்.

இந்தச் செடி கைகூடவில்லை என்பவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். முளைக்கவே இல்லை. முளைத்து நாலு விரற்கடை வந்ததும் சாய்ந்து செத்தது. ஒரு சாண் வளர்ந்ததும் பூத்துவிட்டது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

கடைசியில் இருந்து வருவோம். பூப்பதற்குக் காரணம் மாதம். சதகுப்பை குளிர்காலச் செடி. பகல் நீண்டு வெயில் ஏறினால் இலையை நிறுத்திவிட்டுத் தண்டை மேலே தள்ளிக் குடை போலப் பூ விரிக்கும். உரம் போட்டோ தண்ணீர் ஊற்றியோ அதைத் தடுக்க முடியாது. கொங்குப் பகுதியில் ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும் முதல் விதைப்பு போடுங்கள். அதன்பின் 15 நாளைக்கு ஒரு பை வீதம் தை முடிய விதைத்தால் மாசிவரை இளங்கீரை கிடைக்கும். பங்குனியில் விதைத்தால் கீரைக்கு ஆகாது. ஐப்பசியில் அவசரப்பட்டால், அடைமழை விதையைப் பையின் ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போய்விடும், முளைத்ததும் அழுகும்.

சாய்ந்து சாவதற்கு முதல் காரணம், நாற்று விட்டுப் பிடுங்கி நடுவது. கேரட்டும் சதகுப்பையும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் ஆணிவேர். தக்காளி, கத்தரி போல இதை இடம் மாற்றினால் அந்த வேர் முறியும். பிழைத்தாலும் சீக்கிரம் பூத்துவிடும். வளரப் போகும் பையிலேயே விதையுங்கள். பை குறைந்தது ஓர் அடி ஆழம் இருக்கட்டும்.

மண் கலவை: செம்மண் 2 பங்கு, மட்கிய தொழுவுரம் 1 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு. நார்க்கழிவு நமக்குப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து சுலபமாகக் கிடைக்கிறது, ஆனால் கட்டியை அப்படியே உடைத்துப் போடக் கூடாது. அதில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி ஊறவைத்து, இப்படி மூன்று முறை அலசிய பிறகே கலக்க வேண்டும். இலை நுனி காய்ந்து பழுப்பாவதை நோய் என்று நினைத்து மருந்து தேடுகிறார்கள். பெரும்பாலும் அது அலசாத நார்க்கழிவின் உப்பு, இல்லையென்றால் போர்த் தண்ணீரின் உப்பு. சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் தண்ணீரால் இந்தத் தொல்லை இல்லை. போர்த் தண்ணீர் மட்டும்தான் என்றால், மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து வாரம் ஒருமுறை அடிவழியே வடியும்வரை ஊற்றினால் உப்பு கழுவிப் போகும்.

விதை முளைக்காததற்குப் பழைய விதையே காரணமாக இருக்கும். கடை விதையை ஈரத்துணியில் 20 எண்ணிப் போட்டு 10 நாள் பாருங்கள். பாதிக்கு மேல் முளைத்தால் விதைக்கலாம். ஓர் அடி அகலப் பைக்கு 25, 30 விதை தூவி, அதன்மேல் கால் அங்குலத்துக்கு மேல் மண் போடாதீர்கள், பூவாளியால் நனையுங்கள். முளைக்க 7 முதல் 14 நாள் ஆகும். அதுவரை மேல்மண் ஒரு நாளும் காயக் கூடாது. முளைத்த பிறகு தினமும் ஊற்றினால் தண்டின் அடி அழுகும். விரலை வைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். வெயில் 6 மணி நேரம் வேண்டும், நிழலில் வைத்தால் நூலாக நீண்டு படுத்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விதைக் கடைப் பாக்கெட்டில் இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறிய விதை இருந்தால் அது பூஞ்சாணக் கொல்லி மருந்து கலந்தது. விதைத்தது போக மீதியை அஞ்சறைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். விதைத்த கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இன்னொன்று பார்த்தீனியம். வெளியிலிருந்து மண் கொண்டுவந்தால் அதன் விதையும் கூடவே வரும். பிரிந்து பிரிந்து நிற்கும் இலையைப் பார்த்துக் கீரை என்று ஏமாறக் கூடாது. சதகுப்பையின் முதல் இரண்டு இலை புல் மாதிரி ஒல்லியாக நீண்டு வரும், அடுத்தது நூல் நூலாக, மயிர் இல்லாமல், லேசான சாம்பல் பூத்த பச்சையில் வரும். பார்த்தீனியத்தின் முதல் இலை உருண்டை. பிறகு வரும் இலை தட்டை, சொரசொரப்பு, மண்ணோடு படிந்து விரியும். சந்தேகம் வந்தால் பறிக்காமல் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள், வித்தியாசம் தானே தெரியும். பார்த்தீனியம்தான் என்று தெரிந்தால் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். சிலருக்கு அது தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும்.

செடி மூன்று அங்குலம் வந்ததும் நெருக்கமானவற்றைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் அடியில் வெட்டி, பைக்கு 8 செடி விடுங்கள். வெட்டியது அன்றைய ரசத்துக்கு ஆயிற்று. 40 நாள் அளவில் வெளிப்பக்க இலையைக் காம்போடு கிள்ள ஆரம்பிக்கலாம், நடுக்குருத்தை விட்டால் இரண்டு மூன்று முறை துளிர்க்கும். பூத்தண்டில் அசுவினி ஏறினால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே உதிர்ந்துவிடும். பச்சையாகத் தின்னும் இலைக்கு வேறு மருந்து தேவையில்லை.

இனி அடுப்புக்கு வருவோம். இலையின் வாசம் சீக்கிரம் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. குக்கரில் பருப்போடு போட்டு நாலு விசில் விட்டால் வாசம் முழுக்க விசிலோடு போய், பச்சை நிறம் செத்த நார்தான் மிஞ்சும். விதையின் எண்ணெய் உள்ளே சின்னக் குழாய்களில் அடைபட்டிருக்கிறது, அது சூட்டில் நன்றாகத் திறக்கும். அதனால் விதை தாளிப்பில் முதலில், இலை கடைசியில்.

பாசிப்பருப்புக் கடைசலுக்கு, பருப்பு 100 கிராம், மஞ்சள்தூள் சிட்டிகை சேர்த்துக் குழைய வேகவைத்து உப்புப் போட்டு மத்தால் கடையுங்கள். கடலெண்ணெய் 2 தேக்கரண்டி காய்ந்ததும் கடுகு, அரைத் தேக்கரண்டி சதகுப்பை விதை, வரமிளகாய் 2, தட்டிய பூண்டு 4 பல், நறுக்கிய சின்ன வெங்காயம் 10 வதக்கிப் பருப்பில் கொட்டி ஒரு கொதி விடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, பொடியாக நறுக்கிய இலை ஒரு கைப்பிடி போட்டுக் கிளறி, 2 நிமிடம் மூடி வையுங்கள். புளி வேண்டாம், அரை மூடி எலுமிச்சை போதும். சோம்பு, கரம் மசாலா சேர்த்தால் கீரை வாசம் அடிபட்டுப் போகும். ஒரு கைப்பிடிக்கு மேல் போனால், முதல்முறை சாப்பிடுபவர்களுக்கு மருந்து வாடையாகத் தெரியும். அரிசிம்பருப்புச் சாதத்திலும் இறக்கிய பிறகு இதே அளவுதான்.

ராகி அடைக்கு மட்டும் தாராளமாகப் போடலாம். மாவு 2 கப்புக்கு இலை 1 கப், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்த் துருவல், உப்பு. வெந்நீரில் பிசைந்து வாழையிலையில் தட்டிக் கல்லில் போட்டால், மாவு மூடியிருப்பதால் வாசம் அவ்வளவாக வெளியே போகாது.

சமையல் அளவுக்கு இந்தக் கீரை பொதுவாக யாருக்கும் தீங்கில்லை. கஷாயம், சூரணம் என்று போகும்போதுதான் கவனம் வேண்டும், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. கிரைப் வாட்டரில் டில் எண்ணெய் சேர்ப்பதுண்டு என்று கேள்விப்பட்டு, கைக்குழந்தைக்கு வீட்டிலேயே சதகுப்பைத் தண்ணீர் காய்ச்சிப் புகட்டுவதும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். 6 மாதம் முடியும்வரை குழந்தைக்குத் தாய்ப்பால்தான் உணவு. வயிறு இழுத்து அழுதால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாசியில் இரண்டு செடியைக் கிள்ளாமல் விட்டுவிடுங்கள். குடை பழுப்பானதும் காலையில், பனி ஈரத்தோடு, காம்புடன் வெட்டிக் காகிதப் பையில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். மதியம் வெட்டினால் பாதி விதை மாடியிலேயே உதிர்ந்துவிடும். பத்து நாளில் தட்டி எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் போட்டு நிழலில் வைத்தால் அடுத்த கார்த்திகைக்கு விதை ரெடி.