கம்பித் தாயும் துணித் தாயும்

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உளவியலாளர்கள் பலரும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். அம்மா பால் தருகிறாள், அதனால் குழந்தை ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஹாரி ஹார்லோ இதைச் சோதித்துப் பார்த்தார். பிறந்த கொஞ்ச நேரத்திலேயே தாயிடமிருந்து பிரித்த ரீசஸ் குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று வெறும் கம்பிவலை. பால்புட்டி அதில்தான் இருந்தது. இன்னொன்றில் பூந்துவாலை சுற்றியிருந்தது, பால் கிடையாது. குட்டி பசித்தால் கம்பித் தாயிடம் போகும், வயிறு நிறைந்ததும் துணித் தாயிடம் திரும்பிவிடும். மேளம் அடிக்கும் பொம்மைக் கரடியை உள்ளே விட்டால், அலறி ஓடி ஒண்டுவதும் துணித் தாயிடம்தான். ஒண்டிய சற்று நேரத்தில் பயம் தெளிந்து, அங்கிருந்தபடியே கரடியை எட்டிப் பார்க்கும். ஹார்லோ இதை 1958இல் வெளியிட்டார். ஈரமில்லாத சோதனை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். துணித் தாயோடு வளர்ந்த குட்டிகள்கூடப் பெரிதானபின் மற்ற குரங்குகளோடு பழகத் தெரியாமல் திண்டாடின.

அந்த 'எட்டிப் பார்த்தல்'தான் முக்கியம். 1950களில் உகாண்டாவில் உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைக் கவனித்தார். தவழும் குழந்தை அம்மாவை விட்டு நகர்கிறது, திரும்பிப் பார்க்கிறது, அவள் இருப்பது உறுதியானதும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறது. பாசம் என்ற சொல்லுக்குக் கயிறு என்றும் பொருள் உண்டு. ஆனால் இந்தக் கயிறு கட்டிப்போடுவதைவிடத் தூரம் போகத் தைரியம் கொடுப்பதுதான் அதிகம்.

மூளைக்குள் என்ன நடக்கிறது? ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனின் பெயரைச் சொல்லி ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் பிரியாத பிரெய்ரி வோல் என்ற எலி போன்ற பிராணியிடம் அந்த ஹார்மோனின் பங்கு தெரிந்ததிலிருந்து அதற்கு 'காதல் ஹார்மோன்' என்று பட்டமே கிடைத்துவிட்டது. ஆனால் ஆக்ஸிடோசினை உணரும் ஏற்பியே இல்லாதபடி மரபணு மாற்றிய வோல்களும் ஜோடி சேர்ந்தன என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு வழி அடைபட்டால் மூளை வேறு வழி வைத்திருக்கிறது போலும்.

ஊர்மேல், கருத்துமேல் வரும் பற்றில் வேறொன்றும் கலந்திருக்கிறது: பழக்கம். பொருள் தெரியாத எழுத்துகளைத் திரும்பத் திரும்பக் காட்டினாலே மனிதர்களுக்கு அவை பிடித்துப்போகின்றன என்று உளவியலாளர் ராபர்ட் ஸயோன்ஸ் 1968இல் காட்டினார். காரணமே வேண்டாம், கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் போதும். கட்சி முழக்கங்களைச் சுவரெல்லாம் எழுதுகிறவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

தொடுகையும் பழக்கமும் ஒரே பொருளில் சேர்ந்தால்? அம்மாவின் பழைய சேலையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன் என்று அடம்பிடிக்கும் குழந்தை பல வீடுகளில் உண்டு. நைந்து கிழிந்தாலும் மாற்ற விடாது. துவைத்துப் போட்டால் அதற்கும் ஒரு பாட்டம் அழுகை, பழைய வாசனை போய்விட்டதாம்.