சுகவனிதையர் கிளினிக்: கொழும்பில் திருப்பி அனுப்பப்படும் பெண்களுக்காக

இலங்கையில் 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்கில், 35 வயதைக் கடந்த பெண்களுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. சிங்களத்தில் இதைச் சுவநாரி என்பார்கள்.

சில பெண்களை வயதைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கண்டறியும் பரிசோதனைக்கு 35, 45 வயதினரை அரசு இலக்காக வைத்திருப்பது உண்மை. ஆனால் 38 வயதுப் பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிட அது காரணமாகாது, ஏனெனில் மற்றப் பரிசோதனைகள் அவருக்கும் உரியவை.

அடுத்த தடை முகவரி. வடகொழும்பில் 'தோட்டம்' எனப்படும் நெருக்கமான குடியிருப்பிலிருந்து தொடர்மாடிக்கு மாற்றப்பட்ட, வீட்டுவேலை செய்யும் ஒரு பெண்ணைப் பழைய இடத்தில் "நீங்கள் இப்போது எங்கள் பகுதி இல்லை" என்றும், புதிய இடத்தில் "கிராம உத்தியோகத்தரின் கடிதம் கொண்டு வாருங்கள்" என்றும் அலைக்கழித்தார்கள். பரிசோதனை நடக்கும் முன்பே அவர் மூன்று நாள் கூலியை இழந்திருந்தார். 'மிஸ்' என்று நாம் அழைக்கும் குடும்ப நல உத்தியோகத்தரின் (பகுதி மருத்துவமாதுவின்) பொறுப்பு நீங்கள் இன்று வசிக்கும் வீட்டைப் பொறுத்தது, வாக்காளர் இடாப்பை அல்ல. ஆகவே குடிமாறிய உடனேயே புதிய பகுதியின் 'மிஸ்' யாரெனக் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். கடிதம் கேட்டால், எந்த விதியின்படி என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால், அரச அலுவலருடன் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது என்பதை நினைவூட்டுங்கள்.

இந்தக் கிளினிக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கான இடம் என்று எண்ணி விதவைகளும் தனித்து வாழ்பவர்களும் ஒதுங்கிவிடுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அவர்களும் போகலாம், போக வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகோ உறவுக்குப் பிறகோ இரத்தம் கசிந்தால் மட்டும் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் நேரே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வடிகாலுக்கும் குப்பைக்கும் கடனுக்கும் கூடுகிற சமூக அபிவிருத்திச் சபைகளும் சீட்டுக் குழுக்களும் கிளினிக் நாளையும் தம் பேச்சில் சேர்த்துக்கொண்டால், தனியாகப் போனால் விரட்டப்படுகிற பெண் பத்துப் பேருடன் போவாள். ஆனால் பரிசோதனைக்கோ கருத்தடைக்கோ இணங்கினால்தான் கடன் என்று எந்தக் குழுவும் சொல்லக் கூடாது. ஒருத்தியின் முடிவுத்தாளை இன்னொருத்தி வாங்கிப் படிக்கவும் கூடாது.

புறப்படும் முன் கிளினிக் நடக்கிறதா என்று தொலைபேசியில் உறுதி செய்யுங்கள். மாதவிடாய் நாட்களில் போகாதீர்கள். முடிவு வரவில்லை என்றால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதிரி எடுத்த திகதியையும் பதிவு இலக்கத்தையும் எழுதி வைத்து, முடிவு எப்போது கிடைக்கும் என்பதை அன்றே கேட்டு, அந்த நாளில் மறுபடியும் போய் நில்லுங்கள்.