பர்ன்அவுட்: பணித்தீய்வு

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பணியை விட்டு விலகுவது குறித்த அமெரிக்க ஆய்வுகளில் ‘பர்ன்அவுட்’ என்னும் சொல் திரும்பத் திரும்ப வரும். ஓயாத பணி நெருக்கடியால் உள்ளம் வற்றிப்போகும் நிலையை அது குறிக்கிறது.

எரிந்து தீர்ந்துபோதல் என்னும் பொருளுடைய இந்த ஆங்கிலச் சொல், போதைப்பழக்கத்தால் சீரழிந்தவர்களைக் குறிக்கவும் பேச்சில் வழங்கியது. நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், பிறருக்காக உழைத்தே தளர்ந்துபோன ஊழியர்களின் நிலைக்கு 1974ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதையே பெயராக்கினார். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் அந்நிலையை அளக்கும் வினாநிரலை வெளியிட்டனர். ஆசிரியர்களுக்கெனத் தனி வடிவமும் பின்னர் வந்தது. உணர்ச்சி வறட்சி, மாணவரிடமிருந்து மனத்தால் விலகி நிற்றல், தன்னால் எதுவும் ஆகவில்லை என்னும் எண்ணம் ஆகிய மூன்றையும் அது அளக்கிறது. இவற்றுள் இரண்டாவதே வகுப்பறையில் மிகக் கொடியது என்பேன். பெயர் சொல்லி அழைத்த பிள்ளைகளை வெறும் கூட்டமாகக் காணத் தொடங்கிய ஆசிரியர், விலகல் கடிதம் எழுதுவதற்கு வெகுமுன்பே உள்ளத்தால் பள்ளியை விட்டு நீங்கியிருப்பார்.

தமிழில் இதனை ‘மனச்சோர்வு’ என்று எழுதுவது பிழை. அது வேறொரு நோயின் பெயர். உலக சுகாதார நிறுவனமோ 2019இல் பர்ன்அவுட்டை நோயாகக் கொள்ளாமல், பணிசார்ந்த நிகழ்வு என்றே வரையறுத்தது. இதழ்களில் வழங்கும் ‘பணிச்சோர்வு’ ஓரளவு பொருந்தும் என்றாலும், சோர்வு ஓய்வில் தீரக்கூடியது. இந்த நிலையோ விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சில நாட்களிலேயே திரும்பிவிடக்கூடும். நீரின்றி வெயிலில் வாடிக் கருகிய பயிரைத் ‘தீய்ந்துபோயிற்று’ என்று உழவர் சொல்வர். அங்கே குறை விதையினுடையது என்று எவரும் சொல்வதில்லை. ஆகவே ‘பணித்தீய்வு’ என்னும் சொல்லையே நான் முன்வைக்கிறேன்.

அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் இங்கர்சால் 2001இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. பணியில் மனநிறைவின்றி விலகிய ஆசிரியர்கள் குறைந்த ஊதியத்தோடு, நிர்வாகத்தின் ஆதரவின்மை, மாணவர் ஒழுங்குச் சிக்கல், பள்ளி முடிவுகளில் தம் குரலுக்கு இடமின்மை ஆகியவற்றையும் காரணங்களாகக் கூறினர். ஊதியம் தவிர்த்த மற்ற மூன்றும் பெரும்பாலும் பள்ளிக்குள்ளேயே மாற்றக்கூடியவை.