மூன்றாம் ஷெட்டின் குட்டைப் பட்டை

நாமக்கல் பக்கம் என் சித்தப்பாவுக்குக் கோழிப்பண்ணை. மொத்தம் எட்டு ஷெட்டுகள். காலையும் மாலையும் முட்டை எடுத்ததும் எண்ணிக்கையை நீளவாக்கு நோட்டில் எழுதிவைப்பது வழக்கம். அதைச் செல்போன் செயலியாக மாற்றித் தருகிறேன் என்று நானாகப் போய்த் தலையைக் கொடுத்தேன். நிரல் அதிகம் எழுதாமல், கட்டங்களை இழுத்து வைத்தே திரையை அமைக்கும் லோ-கோட் கருவி ஒன்றில் இரண்டு மாலைகளில் வேலை முடிந்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் விடியாததுமாகச் சித்தப்பா அழைத்தார். "மூன்றாம் ஷெட்டில் முட்டை பாதிக்கும் கீழே போய்விட்டது, நீ பார்க்கவில்லையா கண்ணு? டாக்டரை வரச் சொல்லிவிட்டேன்."

எதுவும் கீழே போகவில்லை. அன்று இட்ட முட்டைகளை அன்று உயிரோடிருந்த கோழிகளால் வகுத்தால் வருவதுதான் உற்பத்திச் சதவீதம். முதல் ஷெட்டில் அது 92.4, மூன்றாவதில் 90.9. ஆனால் செயலி வரைந்த பட்டைகளில் மூன்றாவது முதலாவதன் இடுப்புக்குக்கூட வரவில்லை.

காரணம் ஒரு சின்னக் கணக்கு. மதிப்பிலிருந்து, படத்தின் ஓரத்தில் எண்கள் ஏறிப்போகும் அச்சின் தொடக்க எண்ணைக் கழித்து, அச்சின் வீச்சால், அதாவது கடைசி எண்ணுக்கும் தொடக்க எண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, திரையில் ஒதுக்கிய புள்ளிகளால் பெருக்கினால் பட்டையின் உயரம் கிடைத்துவிடும். கருவி அச்சைத் தானாகவே 90 முதல் 93 வரை வைத்துக்கொண்டது. 300 புள்ளி உயரத்தில் முதல் ஷெட்டுக்கு 240 புள்ளி, மூன்றாவதற்கு 90. அச்சு 0 முதல் 100 வரை இருந்திருந்தால் 277-ம் 273-ம் வந்திருக்கும். சித்தப்பா நிம்மதியாகக் காப்பி குடித்திருப்பார். அச்சின் ஓரத்தில் எண்கள் சரியாகத்தான் இருந்தன. அந்த நேரத்தில் அவற்றை யார் படிப்பார்கள்?

பட்டையைப் பார்க்கும் கண் நீளத்தைத்தான் அளக்கிறது. அடியை வெட்டிவிட்டால் நீளம் பொய்யாகிவிடும். கோட்டு வரைபடத்தில் கண் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை. அதற்குப் பூச்சியம் கட்டாயமில்லை. நாமக்கல் மண்டல முட்டை விலை 5 பைசா, 10 பைசா என்று நகரும். அதைப் பூச்சியத்திலிருந்து வரைந்தால் தட்டையான ஒரு கோடு கிடைக்கும், வியாபாரிக்கு ஒரு பயனும் இராது.

கண் எதை நன்றாக அளக்கும், எதில் ஏமாறும் என்பதை அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் கிளீவ்லேண்டும் மெக்கில்லும் 1984-இல் சோதித்து வரிசைப்படுத்தினார்கள். ஒரே அளவுகோலில் புள்ளி எங்கே நிற்கிறது என்பதை நாம் மிகத் துல்லியமாகக் கணிக்கிறோம். நீளம், கோணம், பரப்பு, நிறச்செறிவு என்று போகப்போகப் பிழை கூடுகிறது. வில்லியம் பிளேஃபேர் 1786-இல் பட்டைப் படத்தையும் 1801-இல் வட்டப் படத்தையும் அச்சில் கொண்டுவந்தார். பின்னதை அவர் தராமல் இருந்திருக்கலாம் என்று எனக்குச் சில நாள் தோன்றும். எட்டு ஷெட்டுகளையும் வட்டத்தில் எட்டுத் துண்டாக்கினால் 12 சதவீதத் துண்டு எது, 13 சதவீதத் துண்டு எது என்று யாராலும் சொல்ல முடியாது.

படம் வரைவதற்கு முன்பே இன்னொரு வேலை நடக்கிறது, அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு பதிவுக்கு ஒரு வரி என்று சேர்ந்த நூற்றுக்கணக்கான வரிகளைச் செயலி ஷெட்வாரியாகத் தொகுக்கிறது. அப்போது கூட்டலா, சராசரியா என்று கேட்கும். சதவீதமாயிற்றே, சராசரிதானே என்று அழுத்திவிடுவோம். 10,000 கோழியுள்ள ஷெட்டில் 9,000 முட்டை, அதாவது 90 சதவீதம். 2,000 கோழியுள்ள ஷெட்டில் 1,200 முட்டை, 60 சதவீதம். இரண்டின் சராசரி என்று செயலி 75-ஐக் காட்டும். உண்மையில் 12,000 கோழிகள் 10,200 முட்டை இட்டிருக்கின்றன, 85 சதவீதம். முட்டையைத் தனியே கூட்டி, கோழியைத் தனியே கூட்டி, கடைசியில் வகுக்க வேண்டும்.

எத்தனை வரிகளைத் தொகுக்கிறது என்பதும் முக்கியம். தொகுப்பை, பதிவுகள் சேமித்திருக்கும் தரவுதளமே செய்து தர முடியாதபோது, செயலி வரிகளைச் செல்போனுக்கு இறக்கிக் கணக்குப் போடுகிறது. அதற்கு ஒரு வரம்பு உண்டு. மைக்ரோசாப்டின் லோ-கோட் கருவியான பவர் ஆப்ஸில் அது வழக்கமாக 500 வரி. அமைப்பில் மாற்றினால் 2,000 வரை உயர்த்தலாம். எட்டு ஷெட், நாளுக்கு இரண்டு பதிவு என்றால் 16 வரி. ஒரு மாதத்திலேயே 500 நிரம்பிவிடும். அதற்குப் பிறகு முதல் 500 வரிக்கான படமே நாள்தோறும் வந்துகொண்டிருக்கும். செயலியை அமைப்பவருக்கு எச்சரிக்கைக் குறி தெரியும், பண்ணையில் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. நாள்வாரிக் கூட்டுத்தொகையைத் தனி அட்டவணையில் சேர்த்துவைத்து, அதிலிருந்து வரைவதே நல்லது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்லதற்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு என்று எல்லாக் கருவிகளும் கொடுக்கின்றன. இரண்டையும் பிரித்தறிய இயலாத பார்வைக் குறைபாட்டின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடமே அது அதிகம். பண்ணைக் கண்காணிப்பாளருக்கு அது இருந்தது என்று எங்களுக்கே செயலி வந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது நீலமும் ஆரஞ்சும்.

பட்டைகளை முழுவதும் எடுத்துவிட்டேன். முட்டைக்காக வளர்க்கும் லேயர் கோழி ஏறக்குறைய 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, சில வாரங்களில் 90 சதவீதத்தைத் தாண்டி, பிறகு மெல்ல இறங்கும். ஆகவே ஷெட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே தப்பு. ஒரு ஷெட்டில் 28 வாரக் கோழி, பக்கத்து ஷெட்டில் 65 வாரக் கோழி. கிடையச்சில் கோழியின் வயதை வைத்தேன். அந்த இனத்துக்கு எதிர்பார்க்கும் வளைவைச் சாம்பல் நிறத்தில் பின்னணியில் போட்டு, அதன்மேல் ஷெட்டின் கோட்டைத் தடித்த நீலத்தில் வரைந்தேன். ஒரு திரைக்கு ஒரு ஷெட்.

ஏப்ரல் வெயிலில் ஐந்தாம் ஷெட்டின் நீலக்கோடு சாம்பல் வளைவைவிட்டு நான்கு நாள் தொடர்ந்து கீழே சரிந்தது. வெப்பத்தில் மூச்சிரைக்கும் கோழி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும், முட்டையும் குறையும். சித்தப்பா என்னையும் அழைக்கவில்லை, டாக்டரையும் அழைக்கவில்லை. ஏணியைச் சாத்தி ஆளை மேலே ஏற்றினார். கூரைமேல் இருந்த தண்ணீர்த் தெளிப்பான்களில் மூன்று, உப்புப் படிந்து அடைத்துக் கிடந்தன.