வலிப்புக்கு ஏன் இந்த ஐந்து நிமிடக் கணக்கு?

"மூளையில் திடீரென்று மின்னோட்டம் கூடிவிடுகிறது, அதுதான் வலிப்பு." வலிப்பு நோய் என்று முதல்முறை கேட்டுவிட்டு எதிரே உட்காரும் குடும்பத்துக்கு என்னைப் போன்ற நரம்பியல் மருத்துவர்கள் சொல்வது இவ்வளவுதான். நேரம் குறைவு, வந்தவர்களுக்குப் பயம் அதிகம். அந்த நேரத்துக்கு அது போதும். ஆனால் அது பாதிக் கதை. மூளையில் மின்னோட்டம் எந்நேரமும் பரவத்தான் பார்க்கிறது. அதைப் பரவ விடாமல் வைத்திருப்பதற்கென்றே தனியாக ஒரு வகை நரம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றால் வேலை செய்ய முடியாமல் போகும்போதும் வலிப்பு வரும். இந்த மீதிப் பாதி தெரியாததால்தான் "ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள்", "மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள்" என்று நாங்கள் சொல்வதெல்லாம் வெறும் மிரட்டல் போலக் கேட்கிறது.

மூளையின் மேற்பரப்பில் உள்ள நரம்பு செல்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இந்தத் தடுப்பு வகை. பெரும்பாலானவற்றின் இழைகள் நீளமாகப் போவதில்லை. அக்கம்பக்கத்துச் செல்களோடு அவற்றின் வேலை முடிந்துவிடும். பக்கத்துச் செல்லின் மீது காபா என்ற வேதிப்பொருளைக் கொட்டி, அந்தச் செல் துடிப்பதை, அதாவது மின்சைகை அனுப்புவதை, கடினமாக்குகின்றன. வண்டியின் பிரேக் என்று பலரும் சொல்வார்கள். பரவாயில்லை, ஆனால் பிரேக் வண்டியை நிறுத்த மட்டும்தான் செய்யும். இந்தச் செல்கள் எந்தச் செல் எந்த நொடியில் துடிக்க வேண்டும் என்ற தாளத்தையும் வகுத்துக் கொடுக்கின்றன. கவனம், நினைவு, அசைவு என்று எதை எடுத்தாலும் இவற்றின் பங்கு உண்டு.

இவற்றைப் பற்றி இன்று இவ்வளவு தெரிவதற்கு ஜான் எக்கிள்ஸின் ஆராய்ச்சி வாழ்க்கை ஒரு பெரிய காரணம். 1903இல் மெல்பர்னில் பிறந்தவர். மருத்துவம் படித்துவிட்டு 1925இல் ஆக்ஸ்ஃபோர்டு போய் ஷெரிங்டனிடம் சேர்ந்தார். கையை மடக்கும் தசை சுருங்கும்போது நீட்டும் தசை தானாகத் தளர்கிறதே, அது வெறுமனே சும்மா இருப்பதால் நடப்பதல்ல, நரம்பு மண்டலம் வேலை செய்து அதைத் தளர்த்துகிறது என்று காட்டியவர் ஷெரிங்டன். அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதுதான் சீடருக்குக் கிடைத்த கேள்வி.

எக்கிள்ஸ் நீண்ட காலம் நம்பிய பதில் வேறு. ஒரு நரம்பு செல்லிலிருந்து அடுத்ததற்குச் செய்தி நேரடி மின்சாரமாகவே தாவுகிறது என்பது அவர் கட்சி. வேதிப்பொருள் வழியாகத்தான் போகிறது என்று ஹென்றி டேல் தரப்பு சொன்னது. கூட்டத்துக்குக் கூட்டம் வாதம் நடந்தது. தடுப்புச் செயலுக்கும் மின்சார விளக்கம் ஒன்றை 1940களில் எக்கிள்ஸ் உருவாக்கினார். அந்தச் சமயத்தில் அவர் நியூசிலாந்தின் டனீடினில் இருந்தார். அங்கேதான் தத்துவவாதி கார்ல் பாப்பரின் பழக்கம் ஏற்பட்டது. உங்கள் கருத்தைக் கூர்மையாகச் சொல்லுங்கள், பொய்யென்றால் பொய்யென்று தெரியும்படி சோதியுங்கள் என்பது பாப்பர் அவருக்குச் சொன்னதன் சாரம்.

1951 ஆகஸ்டில் அதற்கு வாய்ப்பு வந்தது. கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, முனை ஒரு மைக்ரானைவிடச் சிறியதாக இருக்கும்படி செய்து, உள்ளே உப்புக் கரைசலை நிரப்பினார்கள். பூனையின் தண்டுவடத்தில், தசையை இயக்கும் ஒரே ஒரு நரம்பு செல்லுக்குள் அந்த முனையை இறக்கினார்கள். கூட இருந்தவர்கள் லாரன்ஸ் பிராக், ஜாக் கூம்ப்ஸ்; கருவிகளைக் கட்டியவர் கூம்ப்ஸ். செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் பக்கம் இருப்பது வழக்கம். தடுக்கும் நரம்பைத் தூண்டினால் திரையில் கோடு எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று எக்கிள்ஸின் மின்சாரக் கொள்கை முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தது. கோடு நேர் எதிர்ப்பக்கம் நகர்ந்தது. செல் இன்னும் ஆழமாக எதிர்மின் பக்கம் போனது. ஒரு வேதிப்பொருள் செல்லின் சவ்வில் வாயில்களைத் திறக்காமல் இது நடக்க வழியில்லை. எக்கிள்ஸ் தன் கொள்கை பொய்த்துவிட்டது என்று அடுத்த ஆண்டே கட்டுரையில் எழுதி, எதிர்க்கட்சிக்குப் போனார். இன்றைய மருத்துவ மாநாடுகளில் நடக்கும் வாதங்களைப் பார்க்கும்போது, இந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்குப் பரிசு கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் எக்கிள்ஸ் ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்குப் போனார். அங்கே செல்லுக்குள் குளோரைடு அயனிகளைச் செலுத்திவிட்டு அதே சோதனையைச் செய்தார்கள். தடுக்க வேண்டிய சைகை தலைகீழாகி, செல்லைத் தூண்டியது. ஆக, தடுப்பு என்பது அந்த வேதிப்பொருளின் குணம் மட்டும் அல்ல. செல்லுக்குள் குளோரைடு எவ்வளவு இருக்கிறது என்பதையும் பொறுத்தது. வளர்ந்துவரும் மூளையில் செல்களுக்குள் குளோரைடு அதிகம். அங்கே காபா தடுப்பதற்குப் பதிலாகத் தூண்டவும் கூடும். பச்சிளங்குழந்தைகளின் வலிப்பு பெரியவர்களின் மருந்துக்கு அவ்வளவாக மசியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. 1963இல் எக்கிள்ஸுக்கு ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லியோடு சேர்த்து நோபல் பரிசு வந்தது.

காபாவின் கதையும் நேராகப் போகவில்லை. அது மூளையில் இருப்பதை 1950இல் யூஜின் ராபர்ட்ஸ் முதலியோர் கண்டுபிடித்தார்கள். 1959இல் கான்பெரா ஆய்வாளர்களே இது தடுப்புச் செய்தியைக் கொண்டுபோகும் பொருளாக இருக்க முடியாது என்று ஒதுக்கினார்கள். 1960களின் கடைசியில்தான் வழக்கு காபா பக்கம் தீர்ந்தது. இதற்கிடையே 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், ஒரு குறிப்பிட்ட புட்டிப்பால் குடித்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. தயாரிப்பில் சூடாக்கியபோது அதிலிருந்த பி6 வைட்டமின் அழிந்துபோயிருந்தது. பி6 கொடுத்ததும் வலிப்பு நின்றது. காபாவை உருவாக்கும் நொதி பி6 இல்லாமல் ஓடாது என்பதுதான் காரணம். இன்றைக்கும் பச்சிளங்குழந்தைக்கு எந்த மருந்துக்கும் வலிப்பு நிற்கவில்லை என்றால் பி6 கொடுத்துப் பார்ப்போம். காசநோய்க்கான ஐசோனியஸிட் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவருக்கு வரும் வலிப்புக்கும் மாற்று மருந்து பி6தான்.

சரி, ஐந்து நிமிடத்துக்கு வருவோம். எங்கள் அறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"வலிப்பு வந்ததும் நான் எழுதிக் கொடுத்த அவசர மருந்து ஸ்ப்ரேயை அடிச்சீங்களா?"

"இல்ல டாக்டர். இப்ப நின்னுடும், இப்ப நின்னுடும்னு பார்த்துக்கிட்டே இருந்தோம். ரொம்ப நேரம் ஆனப்புறம்தான் அடிச்சோம். ஆனா கேக்கல."

அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும். ஆனால் ஐந்து நிமிடம் தாண்டிய வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. டயஸிபாம், மிடாசோலாம் போன்ற அவசர மருந்துகள் தாமாக எதையும் தடுப்பதில்லை. செல்லின் மேற்பரப்பில் காபா வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளில் உட்கார்ந்து, காபா செய்யும் வேலையைக் கூட்டிக் கொடுக்கின்றன. வலிப்பு நீள நீள, அந்த ஏற்பிகளைச் செல் தன் சவ்விலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேற்பரப்பில் ஏற்பி இல்லையென்றால் மருந்துக்குப் பிடிமானம் கிடையாது. ஐந்தாவது நிமிடத்தில் கேட்கும் அதே மருந்து, அதே அளவு, அரை மணி நேரம் கழித்துக் கேட்காமல் போவது இதனால்தான். ஆகவே வலிப்பு தொடங்கியதும் முதலில் மணியைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடம் ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த அவசர மருந்தைக் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அவசர மருந்து கையில் இல்லாதவர்களும், முதல்முறை வலிப்பைப் பார்ப்பவர்களும் அதற்குள்ளாகவே கூப்பிடலாம்.

மாத்திரையை நிறுத்துவதிலும் இதே ஏற்பிகள்தான். குளோபஸாம், ஃபீனோபார்பிடால் போன்றவற்றை மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டால் மூளை அதற்கேற்பத் தன் சொந்தத் தடுப்பைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று மருந்து நின்றால் மருந்தின் தடுப்பும் இருக்காது, மூளையின் சொந்தத் தடுப்பும் போதாது. நெடுநாள் அதிகம் குடித்தவர் ஒரேயடியாக மதுவை விடும்போது வலிப்பு வருவதும் இதே வழியில்தான். குடியை விடுவது நல்லது, ஆனால் அவர் அதை மருத்துவக் கண்காணிப்பில் செய்ய வேண்டும்.

இன்னொன்று, பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. டிராவே நோய்க்குறி என்று ஒன்று இருக்கிறது. முதல் வயதிலேயே, பெரும்பாலும் காய்ச்சலோடு, நீண்ட வலிப்புகளாகத் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் கோளாறு இருக்கும். அந்த மரபணு உருவாக்கும் சோடியம் வாயிலைத் தடுப்புச் செல்கள்தான் அதிகம் நம்பியிருக்கின்றன என்று 2006இல் எலி ஆய்வுகள் காட்டின. இதனால் சோடியம் வாயிலை அடைக்கும் கார்பமாஸெபின், ஃபெனிடாய்ன், லாமோட்ரிஜின் போன்ற பழகிய வலிப்பு மருந்துகள் இந்தக் குழந்தைகளிடம் ஏற்கெனவே தடுமாறும் தடுப்புச் செல்களை மேலும் முடக்கி, வலிப்பைக் கூட்டிவிடலாம். மருந்து தொடங்கியபின் குழந்தைக்கு வலிப்பு அதிகமானால், "பழகட்டும்" என்று காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் காபாவையே சாப்பிட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். இணையத்தில் காபா காப்ஸ்யூல் விற்கிறார்கள், தெரியும். விழுங்கிய காபா ரத்தத்திலிருந்து மூளைக்குள் போதிய அளவு போகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மூளைக்குள் காபாவை உண்மையாகவே கூட்டும் மருந்து ஒன்று எங்களிடம் உண்டு, விகாபாட்ரின். கைக்குழந்தைகளின் ஒருவகை வலிப்புக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் பார்வையின் ஓரங்களை நிரந்தரமாகச் சுருக்கிவிடக்கூடும் என்பதால் கண் பரிசோதனை இல்லாமல் கொடுப்பதில்லை. வலிப்பு மாத்திரையை விட்டுவிட்டு அந்தக் காப்ஸ்யூலுக்கு மாறியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது சொன்னால், அன்றைக்கே அவருடைய டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள்.