மணலைக் கயிறாகத் திரிக்க முடியாதது ஏன்?

அளவுக்கு மீறிக் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறவரை ‘அவன் மணலையே கயிறாத் திரிப்பான்’ என்போம். நடக்காத காரியம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏன் நடக்காது? தேங்காய் நாரைத் திரிக்கலாம், பனை நாரைத் திரிக்கலாம், ஊதினால் பறக்கிற பஞ்சைக்கூடத் திரிக்கலாம். மணலுக்கு மட்டும் என்ன குறை?

வீட்டில் கிடந்த தேங்காய் நார்க் கயிற்றில் ஒரு முழம் வெட்டிப் பிரித்துப் பார்த்தேன். முறுக்கை எதிர்ப்பக்கமாகத் திருகியதும் கயிறு இரண்டு புரியாக விலகியது. ஒரு புரியை எடுத்து அதன் முறுக்கையும் அவிழ்த்தால், கையில் மிஞ்சியது பழுப்பு நிறத்தில் கொஞ்சம் நார். மேசை முழுக்கத் தூசி. உருவிப் பார்த்ததில் எந்த நாரும் ஒரு சாணுக்கு மேல் இல்லை. நடுவில் பசை இல்லை, முடிச்சு இல்லை. கிணற்றுக் கயிறு நாற்பது அடி என்றால், அந்த நாற்பது அடிக்கும் ஓடுகிற நார் அதில் ஒன்றுகூடக் கிடையாது. வாளித் தண்ணீரைத் தூக்குவது ஒன்றோடொன்று ஒட்டாத சாண் நீளத் துண்டுகள்தான்.

அவற்றைச் சேர்த்துப் பிடிப்பது உராய்வு. நார்களை நீளவாக்கில் சும்மா அடுக்கி இழுத்தால் வழுக்கிக்கொண்டு பிரிந்துவிடும். முறுக்கிவிட்டால் ஒவ்வொரு நாரும் பக்கத்து நார்களைச் சுற்றிக்கொள்கிறது. இப்போது இழுங்கள். சுற்றிக் கிடக்கும் நார் நேராகப் பார்க்கும்; நேராக வேண்டுமானால் உள்ளே இருப்பவற்றை நெரிக்க வேண்டும். நெரிக்க நெரிக்க உராய்வு கூடும். இழுக்கிறவரின் பலத்தைக் கடன் வாங்கியே கயிறு அவருக்கு எதிராக இறுகிக்கொள்கிறது.

சுற்றிக்கொள்வதில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைத் துறைமுகத்தில் பார்க்கலாம். கரையில் நட்ட குட்டையான இரும்புத் தூணில் கயிற்றைச் சில சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரே ஆள் முனையைப் பிடித்துக்கொண்டு பெரிய படகை நிறுத்திவிடுவார். 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் ஆராய்ந்த விஷயம் இது. உராய்வுக் கெழு, அதாவது இரண்டு பரப்புகள் எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பதற்கான எண், 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்று நம் பிடியை 6 மடங்குக்கு மேல் ஆக்கும். இரண்டாவது சுற்றில் அது இரண்டு மடங்கு ஆவதில்லை, 43 மடங்காகிறது. மூன்றாவதில் சுமார் 285. இந்தப்பக்கம் 2 கிலோ பிடித்தால் அந்தப்பக்கம் அரை டன்னுக்கு மேல் நிற்கும். கயிற்றுக்குள் ஒரு நார் இன்னொன்றைச் சுற்றும்போதும் இதே கணக்குதான் சின்ன அளவில் நடக்கிறது.

மணலுக்கு வருவோம். மணற்துகள் ஏறக்குறைய உருண்டை. எதையும் சுற்றிக்கொள்ள அதற்கு நீளம் இல்லை. ஈரமாக்கினால் ஒட்டும், ஒருபோதும் சுற்றாது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒற்றைக் கம்பியில் ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்தே அது அறுந்துபோகலாம். கயிற்றில் ஒரு நார் அறுந்தால் நஷ்டம் அந்த இடத்தில் மட்டும். கொஞ்சம் தள்ளி, பக்கத்து நார்களின் நெருக்கலில் அறுந்த நாரே மறுபடி பாரத்தைத் தாங்க ஆரம்பித்துவிடும். கயிற்றின் மேலெல்லாம் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தும் வாளி கிணற்றில் விழாமல் வருவது அதனால்தான்.

அதற்காக முறுக்கிக்கொண்டே போகவும் கூடாது. நார் கயிற்றின் நீளவாக்கிலிருந்து அளவுக்கு மீறிச் சாய்ந்துவிட்டால், அதன் பலத்தில் பெரும்பகுதி பாரத்தைத் தூக்குவதை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தை நெரிப்பதிலேயே போய்விடும்.

சரி, முறுக்கிய கயிறு கையை விட்டதும் ஏன் அவிழ்ந்துகொள்வதில்லை? ஒரு முழ நூலை எடுத்து, இரு முனையையும் பிடித்து நன்றாக முறுக்குங்கள். முனைகளை விடாமல் நடுவில் மடித்தால், இரண்டு பாதிகளும் தாமாகவே ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். கவனித்தால் ஒன்று தெரியும்: நீங்கள் முறுக்கியது ஒரு திசை, அவை சுற்றிக்கொண்டது எதிர்த்திசை. ஒவ்வொரு இழையும் தன் முறுக்கை அவிழ்க்கப் பார்க்கிறது; அந்த முயற்சியே அதை அடுத்த இழையோடு இறுக்குகிறது. சங்கில் சொல்வதுபோல், இழை வலம்புரியானால் இழைகளைச் சேர்ப்பது இடம்புரியாக இருக்க வேண்டும். கயிறு திரிக்கிறவர்களின் உள்ளங்கைக்கு இது எப்போதோ தெரியும்.

எப்போதோ என்றால், நாம் நினைப்பதைவிட வெகு காலம் முன்பே. பிரான்ஸின் தென்கிழக்கில் அப்ரி து மாரா என்ற பாறை ஒதுக்கிடத்தில், ஒரு கல்லாயுதத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நார்த்துணுக்கைப் பற்றி 2020இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நீளம் 6 மில்லிமீட்டர், தடிமன் அரை மில்லிமீட்டர். மரப்பட்டையின் உள்நாரில் மூன்று இழை. ஒவ்வொன்றும் ஒரு திசையில் முறுக்கப்பட்டு, மூன்றும் சேர்ந்து எதிர்த்திசையில் திரிக்கப்பட்டிருந்தன. வயது 40,000 ஆண்டுகளுக்கு மேல். திரித்தது, நமக்கு உறவான, பின்னர் அழிந்துபோன நியாண்டர்தால் மனிதர்.

ஆங்கிலத்தில் ‘கார்ட்’ என்ற ஒரே சொல்லை எதற்கெல்லாம் இழுக்கிறார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கட்டுகிற கயிறும் அதுதான், மின்சார ஒயரும் அதுதான். விறகைக்கூட அடுக்கி வைத்து ‘ஒரு கார்ட்’ என்று அளப்பார்கள். 128 கன அடி. அதன் மூலச்சொல் கிரேக்கத்தில் குடலையும், குடலை முறுக்கிச் செய்த இசைக்கருவித் தந்தியையும் குறித்தது. நாமும் யாழின் தந்தியை நரம்பு என்றவர்கள்தானே. உடம்புக்குள் போனதும் நாம் பெயரைப் பிரித்துக்கொண்டோம்: முதுகில் வடம், தொண்டையில் நாண், தொப்புளில் கொடி.

தண்டுவடம் என்றதும் தேர்வடம் நினைவுக்கு வருவதில் தப்பில்லை. ஆனால் இந்த வடத்தைப் பிடித்து எதையும் இழுக்க முடியாது. கூழ்போல மெத்தென்றது, பாரத்தை எலும்புகளிடமும் தசைநார்களிடமும் விட்டுவிட்டு, மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி மட்டும் கொண்டுபோகும். சுமார் 45 சென்டிமீட்டர்தான். முதுகெலும்பு முடியும் வரை அது போவதில்லை. இடுப்புக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். அதற்குக் கீழே நரம்புகள் மட்டும் குதிரைவால்போலத் தொங்கும். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடுகிற மருத்துவர் தேடுவது அந்தக் கீழ்ப்பகுதியைத்தான்.

குரல்நாண் விஷயத்தில் தமிழும் ஏமாந்தது என்றுதான் சொல்வேன். 1741இல் ஃபெர்ரேன் என்ற பிரெஞ்சு உடற்கூறு அறிஞர், இறந்தவர்களின் குரல்வளையில் காற்றை ஊதிப் பார்த்து, வில்லால் மீட்டும் தந்தியோடு ஒப்பிட்டு இந்தப் பெயரை வைத்தார். உண்மையில் அங்கே தந்தி ஏதும் கட்டியிருக்கவில்லை. தசையும் சவ்வும் சேர்ந்த இரண்டு மடிப்புகள், ஆண்கள் பேசும்போது நொடிக்குச் சுமார் 120 முறையும் பெண்கள் பேசும்போது 200 முறையும் திறந்து மூடுகின்றன. இழுத்துக் கட்டினால் சுருதி ஏறும் என்ற அளவில் மட்டும் நாண் பொருத்தம்.

தொப்புள்கொடிதான் பெயருக்கு நியாயம் செய்கிறது. சாறு கொண்டுபோகிற கொடியேதான். ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் நீளம். உள்ளே இரண்டு தமனி, ஒரு சிரை, சுற்றிலும் வழுவழுப்பான கூழ். உடம்பில் வழக்கமாக நல்ல ரத்தம் கொண்டுபோவது தமனி. இங்கே முறைகள் தலைகீழ்: குழந்தைக்கு நல்ல ரத்தம் கொண்டுவருவது சிரை. கயிறுபோல இதுவும் முறுக்கியிருக்கும், பெரும்பாலும் இடது பக்கமாக, ஏறத்தாழ 5 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று. ஆனால் இந்த முறுக்கின் வேலை வேறு. நெரிப்பதற்குப் பதிலாக, குழந்தை புரளும்போது குழாய்கள் மடங்கி அடைபடாமல் பார்த்துக்கொள்கிறது. பழைய தொலைபேசியின் சுருள் ஒயர் மடங்காதே, அதுபோல.

பிறந்ததும் வெளியே இருக்கிற கொடியை வெட்டிவிடுகிறோம். வயிற்றுக்குள் இருக்கும் துண்டை யாரும் எடுப்பதில்லை. அந்தச் சிரை மெல்லச் சுருங்கி, அடைபட்டு, நார்க் கயிறாகிவிடும். தொப்புளிலிருந்து கல்லீரல் வரை நம் ஒவ்வொருவருக்குள்ளும் இன்னும் அது கிடக்கிறது.